இரண்டு நொடி மிச்சம் பிடித்தவர்

வேலை செய்பவர்களை உங்களுக்குத் தெரியும். வேலை செய்யாதவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், இரண்டுக்கும் நடுவே மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்தான் ஆயத்தக்காரர்.

அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள், அபாண்டம். காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவார், மாலையில் எல்லாருக்கும் பின்னால் போவார், நடுவில் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார். வேலை மட்டும் நடக்காது. ஏன்? அந்த வேலையைச் சுலபமாகச் செய்ய ஒரு வழி செய்துகொண்டிருப்பார். விறகு வெட்டச் சொன்னால் கோடரிக்குப் புதுப்பிடி இழைப்பார், பிடி இழைக்க நல்ல உளி வேண்டும் என்பார், உளி துருப்பிடிக்காமலிருக்க ஒரு பெட்டி அடிப்பார், பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கும்போது அடுப்பு அணைந்துபோயிருக்கும். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற ஆசாமி என்று ஊரில் சொல்வார்களே, அவரேதான். என்ன, இவர் முதலில் வெண்ணெயின் தரத்தைச் சோதிப்பார்.

அப்படி ஒருவர் கணினி நிரல் எழுதும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து மறைந்திருக்கும். அலுவலகத்தில் அவருக்குக் குறுக்குவழியார் என்று பெயர். லிஃப்டில் எந்த மூலையில் நின்றால் தன் மேசைக்கு நான்கு எட்டு நடை குறையும் என்று கணக்குப் போட்டவர். நான்கு எட்டு மிச்சமானது உண்மை. அதை ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து விளக்கியதில் ஒரு முற்பகல் போனதும் உண்மை.

அந்த அலுவலகத்தின் வேலை, பேருந்து நிறுத்தங்களில் தொங்கும் மின்பலகைகளை ஓட்டும் நிரலைப் பார்த்துக்கொள்வது. அடுத்த பேருந்து இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று சிவப்பு எழுத்தில் காட்டுமே, அந்தப் பலகை. ஒரு திங்கட்கிழமை காலை அதில் ஒரு கோளாறு முளைத்தது. பன்னிரண்டு நிறுத்தங்களில் பலகை "2 நிமிடம்" என்று காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. பேருந்து வந்தாலும் இரண்டு நிமிடம். போனாலும் இரண்டு நிமிடம். ஓட்டுநர் விடுமுறையில் போய் வீட்டுத் தின்பண்டம் எல்லாம் தின்று தீர்த்தாலும் இரண்டு நிமிடம்.

மேலாளர் அம்மையார் குறுக்குவழியாரின் மேசைக்கே வந்தார்.

"இது சின்ன வேலைதான். எப்ப முடியும்?"

"இன்னிக்கே முடிச்சிடறேன் மேடம்."

நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அவர் முடிக்கத்தான் நினைத்தார். நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்தார். பலகைக்கான கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். ஒரு கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை, அதற்குள் இன்னொன்று. மூன்று தடவை சொடுக்கிக் கோப்பைக் கண்டுபிடித்தார். பக்கத்துக் கோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர மறுபடியும் மூன்று சொடுக்கு. இரண்டு நொடி வீண். குறுக்குவழியாரின் கை அந்தரத்தில் நின்றது. கடைசியாகப் பயன்படுத்திய கோப்புகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, ஒரே விசையைத் தட்டினால் வரிசையாகக் காட்டுகிற குட்டி நிரல் ஒன்றை எடிட்டரோடு ஒட்டிவிட்டால்? பிளக்-இன் என்று சொல்வார்களே, அது. ஒரு மணி நேர வேலை. அப்புறம் ஆயுள் முழுக்க ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி லாபம்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அன்று மாலை அவர் பலகைக் கோப்பை மூடினார். பிளக்-இன்னுக்கு ஒரு புதுக் கோப்புறை திறந்தார்.

செவ்வாயன்று பட்டியல் வேலை செய்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்டியலில் எத்தனை கோப்புகள் இருக்கவேண்டும், பத்தா, இருபதா? ஒரே கோப்பு இரண்டு வழியாகத் திறக்கப்பட்டால் இரண்டு தடவை வரலாமா? அழித்துவிட்ட கோப்பைப் பட்டியலிலிருந்து நீக்குவதா, அல்லது நினைவுக்காக மங்கலாகக் காட்டுவதா? கடைசியாகத் திறந்தது மேலே வரவேண்டுமா, அடிக்கடி திறந்தது மேலே வரவேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் இரண்டரை நாள் பிடித்தது. வெள்ளைப் பலகையில் அம்புக்குறியெல்லாம் போட்டு அவர் விளக்கியபோது, எதிர்மேசைக்காரர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

அடுத்த வாரம் சோதனைக்காரம்மா வந்தாள். பிறர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம், மனிதர்களிடமும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. அவர் பெருமையோடு விசையைத் தட்டிப் பட்டியலைக் காட்டினார்.

"இது ஏற்கெனவே எடிட்டர்லயே இருக்கே சார். மெனுவைத் திறந்தா மூணாவது வரி."

அவர் அசரவில்லை. "இருக்கு, இல்லேங்கல. ஆனா அது பத்து ஃபைல்தான் காட்டும்."

"நீங்க எத்தனை ஃபைல்ல வேலை செய்யறீங்க?"

"நாலு."

சோதனைக்காரம்மா டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேலாளர் அம்மையார் தினமும் கேட்டார். குறுக்குவழியார் தினமும் பதில் சொன்னார். "கிட்டத்தட்ட ஆச்சு மேடம்." ஆயத்தக்காரர் பொய் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ஏதோ ஒன்று கிட்டத்தட்ட ஆகிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாம் வாரத்தின் புதன்கிழமை, அவருடைய மாமியார் மகளைப் பார்க்க வந்தார். மதியம் இரண்டு மணிக்கு வரவேண்டியவர் மூன்றரைக்கு வந்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கையில் துணிப்பை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் சரிந்தார். குறுக்குவழியார் அன்று வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார், அதாவது பட்டியலின் பின்னணிக்கு நீலம் நல்லதா சாம்பல் நல்லதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள் மனைவி.

"என்னத்தச் சொல்ல! அங்க ஒரு பலகை தொங்குது, ரெண்டு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு. சரி, ரெண்டு நிமிஷந்தானேன்னு நின்னேன். ஆட்டோக்காரர் வந்து கூப்பிட்டார், ரெண்டு நிமிஷத்துல பஸ் வருதுப்பான்னு அனுப்பிட்டேன். ஒரு மணி நேரம்டி! வெயில்ல! நிழல்ல போய் உக்காரலாம்னா, ரெண்டு நிமிஷத்துல வந்துட்டா என்ன பண்றது? கடைசில நடந்தே வந்தேன்."

"அடக்கடவுளே!"

"அந்தப் பலகையை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

"அத்தை, முதல்ல தண்ணி குடிங்க" என்றார் குறுக்குவழியார்.

அடுக்களையில் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அது நீங்க பாக்கற பலகைதானே?"

"ஆமா."

"இன்னும் சரி பண்ணலையா?"

"இன்னும் ரெண்டு நிமி..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவருக்கு உண்மையாகவே சுருக்கென்றது. அந்த அம்மாள் அவரைத் தான் பெற்ற மகனைப்போல நடத்துபவர். அத்தையின் காலணி வாசலில் கிடந்தது, ஒன்றின் வார் அறுந்திருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு விடுவிடுவென்று போய்க் கணினிமுன் உட்கார்ந்தார். இன்றே, இப்போதே முடிப்பது என்று முடிவு செய்தார். பலகைக் கோப்பைத் திறக்க விசையைத் தட்டினார். பட்டியல் வந்தது. பட்டியலின் உச்சியில் ஒரு விநோதம். பிளக்-இன் தன் பட்டியலை எழுதி வைக்கிற கோப்பே பட்டியலில் முதலாவதாக நின்றது! ஒவ்வொரு தடவை பட்டியலை எழுதும்போதும் அதுதானே கடைசியாகப் பயன்பட்ட கோப்பு? தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் பட்டியல்.

"இதை மட்டும் சரி பண்ணிட்டு" என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

கூடத்தில் மாமியார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். பன்னிரண்டு நிறுத்தங்களிலிருந்தும் புகார் வந்துவிட்டது, மேலதிகாரி ஒருவரே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். மேலாளர் அம்மையார் கையில் காகிதக் கட்டு.

"திரையில காட்டுங்க. எதுவரைக்கும் வந்திருக்குன்னு எல்லாரும் பாக்கலாம்."

குறுக்குவழியார் கணினியைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தார். பலகைக் கோப்பைத் திறக்கவேண்டும். மெனு வழியாகப் போயிருந்தால் அன்று தப்பித்திருப்பார். பதினோரு நாள் பழகிய விரல் கேட்குமா? விசையைத் தட்டிவிட்டது.

பட்டியல் சுவர் முழுக்க விரிந்தது. இருபது வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்தக் கோப்பு கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று துல்லியமாக, நல்ல சாம்பல்நிறப் பின்னணியில், தூரத்திலிருந்தும் படிக்கத்தக்க எழுத்தில். பட்டியல்-வரிசை, ஐந்து நிமிடம் முன்பு. பட்டியல்-நிறம், நேற்று. பட்டியல்-நிறம்-பழையது, நேற்று. பட்டியல்-சின்னம், புதன்கிழமை. இப்படியே பதினெட்டு வரி போய், பத்தொன்பதாவதாக, பேருந்துப் பலகை. பதினோரு நாள் முன்பு.

எல்லாரும் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்கள். எதிர்மேசைக்காரர் கீழிருந்து மேலாக இன்னொருமுறை படித்தார். இருபதாவது வரியில் இருந்தது குறுக்குவழியாரின் விடுப்பு விண்ணப்பம்.

சோதனைக்காரம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "நான் எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்தாச்சு மேடம். பட்டியல்ல ஒரு தப்பும் இல்ல. அவ்வளவும் நிஜம்."

மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலாளர் அம்மையார் திட்டவில்லை, அதுதான் கொடுமை. "பதினொன்றரை வரைக்கும் இந்த அறை நமக்குத்தான். இங்கயே உக்காந்து முடிங்க. நாங்களும் உக்காந்திருக்கோம்" என்றார்.

முதுகுக்குப் பின்னால் ஆறு பேர். குறுக்குவழியார் கோப்பைத் திறந்தார். நேரத்தை ஒருதடவை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கேட்கவே மறந்துபோகிற ஒரு வரி, நடுப்பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதை மாற்றினார். சோதனைக்காரம்மா ஓட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். ஏழு நிமிடம். வெளியே வந்து கழிவறைக் குழாயில் முகம் கழுவும்போது கண்ணாடியில் தெரிந்த ஆளை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஞாயிறு மாலை மாமியாரை வழியனுப்ப நிறுத்தத்துக்குப் போனார். பலகை நான்கு என்றது, மூன்று என்றது. அந்த அம்மாள் பலகையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் விஷயத்தைச் சொல்லியிருந்தாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"மாப்பிள்ளை, இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஏழு நிமிஷம், அத்தை."

"அப்ப மத்த நாளெல்லாம்?"

குறுக்குவழியார் வாயைத் திறந்தார். பேருந்து வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு ஒரு பேருந்து வந்ததைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

அவர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். சந்தேகமே வேண்டாம். பட்டியலைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார், மீறவும் இல்லை. இப்போது வேறொன்று செய்துகொண்டிருக்கிறார். கொடுத்த வேலையை விட்டுவிட்டு வேறு எதிலாவது பத்து நிமிடத்துக்குமேல் அவர் மூழ்கினால் உடனே மணியடித்து எச்சரிக்கும் ஒரு குட்டி நிரல். கிட்டத்தட்ட ஆச்சு. மணியோசைதான் இன்னும் சரியாக அமையவில்லை.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாருடைய முகமாவது நினைவுக்கு வந்திருக்கும், இதைப் படித்துக் காட்டவேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் காட்டுங்கள். அதற்குமுன் ஒரு சின்ன விசாரணை. இன்று உட்கார்ந்தபோது ஏதோ ஒரு வேலையைத் தொடங்கத்தானே உட்கார்ந்தீர்கள்? மனசு கொஞ்சம் தெளிவாகட்டும், எதையாவது படித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றுதானே இதை எடுத்தீர்கள்?