எங்க கூரைக்கு ஒரு பைபர் சீட்டு

இந்த வீட்டுல இனிமே என் பேச்சுதான்னு போன மாசம் ஒரு முடிவு எடுத்தேன். பொண்டாட்டி மீனம்மா அப்ப கொழுந்தெடுக்கப் போயிருந்தா. அதனால சத்தமாவே எடுத்தேன்.

விசயம் கூரை. எங்க லயத்துல வரிசையா இருக்குற வீடுகள்ல எங்க வீட்டுத் தகரந்தான் ரொம்ப மோசம். மழை வந்தா ஒழுகுற எடத்துக்கெல்லாம் வைக்க வீட்டுல சட்டி பத்தாது. மக சர்மிளாவுக்கு அப்ப நெறமாசம். டிக்கோயா ஆஸ்பத்திரியில புள்ளையப் பெத்துத் தூக்கிக்கிட்டு நேரா இங்கதான் வருவா. அதுக்குள்ள கூரைய மாத்தணும்.

அந்த நேரம் பாத்து தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோர இடிச்சாங்க. அஸ்பெஸ்டஸ் சீட்டு பன்னெண்டு சும்மா கெடைச்சது. பக்கத்து வீட்டு மூக்கனக் கூட்டிப் போய்த் தூக்கியாந்து லயத்துக்குப் பின்னால அடுக்கிட்டேன்.

மீனம்மா வந்து பாத்தா.

"இது எதுக்குங்க?"

"கூரைக்கு. அளவா அறுத்து ஏத்தப் போறேன்."

"அறுத்தா பறக்குற தூசி நெஞ்சுக்குள்ள போய்த் தங்கிருமாம். தோட்டத்து நர்சு மிஸ்ஸி சொன்னாங்க. பச்சப்புள்ள வரப்போற வீடுங்க."

"ஸ்டோர்ல இருவது வருசம் அதுக்குக் கீழதானே நின்னேன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒங்க அண்ணனுந்தான் நின்னாரு. கடைசியில எப்படி இருமுனாருன்னு மறந்துட்டீங்களா?"

அண்ணன் எதனால இருமுனான்னு எந்த டாக்டரும் சொல்லல. ஆனா அந்த இருமல் இன்னும் என் காதுல இருக்கு.

"லிந்துலையில மர்சூக் நானா கடையில பைபர் சீட்டு வந்திருக்குங்க. கண்ணாடி நாரப் போட்டு இறுக்கிச் செஞ்சதாம். துருவே பிடிக்காதாம். அளவு சொன்னா அங்கேயே வெட்டித் தருவாராம்."

"நாரா? நாருல பூ கட்டலாம். வீடு கட்டுவாங்களா?"

அவ சிரிச்சா. பதில் பேசல. மீனம்மா பதில் பேசலன்னா நான் பயப்பட்டிருக்கணும். ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சேன்.

அந்த வாரமே என் கட்டில் பலகையில ரெண்டு முறிஞ்சது. என் ஒடம்பு அப்படி. மீனம்மாவே என்னமோ பண்ணிச் சரியாக்கி மெத்தையப் போட்டா. எனக்கு நேரஞ்சரியில்ல போல, அப்பவே முதுகுவலியும் வந்துச்சு. அவ தெனமும் எண்ணெய் தேய்ச்சு விட்டா. "வயசாகுதுல்லங்க"ன்னா. அந்தப் பாசத்துல எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

மூணு வாரம் போச்சு. ஞாயித்துக்கிழமை பீலித் தண்ணியில குளிச்சுக்கிட்டிருந்தேன். லயமே அங்கதான் நின்னுச்சு.

"என்ன சின்னராசாண்ணே, முதுகு வரிவரியா இருக்கு?"ன்னு கேட்டான் மூக்கன்.

நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள மீனம்மா பக்கத்துல வந்துட்டா.

"அந்த பைபர் சீட்டு மேல ஒங்களுக்கு என்னதாங்க கோவம்?"

"பலமில்ல புள்ள. ஆடிக் காத்துக்கு டயகம வரைக்கும் பறந்துரும். என்னைய ஒரே ஒரு ராத்திரி தாங்குமா அது?"

"தாங்கினா?"

"நானே கூரையில ஏத்துறேன். அஸ்பெஸ்டஸ் ஒண்ணுல கூட அறுக்குற வாள் வைக்க மாட்டேன்."

"மூக்கண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன் தங்கச்சி. லயமே கேட்டுச்சு."

ஈரத்துண்டோட என்னைய வீட்டுக்குக் கூட்டிப் போனா. பின்னாலேயே மூக்கனும் வந்தான். மெத்தைய ஒரு கையால தூக்கினா. கட்டில் சட்டத்து மேல பச்சைக் கலர்ல, வரிவரியா, ஒரு கீறல்கூட இல்லாம ஒரு பைபர் சீட்டு.

"மர்சூக் நானா பாத்துட்டுக் காசு தாங்கன்னு குடுத்தாரு. மூணு கிழமையா ஒங்களத் தாங்குதுங்க, கொறட்டையோட சேத்து."

மூக்கன் ஒருக்கா சீட்டப் பாத்தான், ஒருக்கா என் முதுகப் பாத்தான்.

அடுத்த கிழமை கூரையில நான்தான் இருந்தேன். கீழ நின்னு ஆணிய எடுத்துக் குடுத்தது மீனம்மா. அஸ்பெஸ்டஸ ஒடைக்காம பத்திரமாக் கொண்டு போகச் சொல்லித் தோட்டத்து ஆபீசுக்கு அவளே போய்ச் சொல்லிட்டும் வந்தா.

நேத்து சர்மிளா புள்ளையோட வந்தா. நல்ல மழை. வீட்டுக்குள்ள ஒரு சட்டிகூட இல்ல. பேரன் தூங்குறான், மூச்சு அவ்வளவு லேசா வருது. எனக்கு மனசு நெறைஞ்சிருச்சு.

"கூரை நல்லாருக்குப்பா. யாரு முடிவு?"ன்னு கேட்டா மக.

நான் தொண்டையச் செருமினேன். மீனம்மா முந்திக்கிட்டா.

"எல்லாம் ஒங்கப்பா முடிவுதான். நான் மெத்தையத் தூக்கினது மட்டுந்தான்."