கரும்பு ரயிலுக்குக் காவல் போன கதை

"ஒம் மக படிச்சு ஆலைப் புகைக்கூண்டையா நிமித்தி வைக்கப் போகுது, மச்சான்?"

கேட்டவர் என் தாய்மாமா. கேட்கப்பட்டவர் என் அப்பா. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான செய்தி வந்த அன்று, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். (காப்பியில் இனிப்பு பத்தவில்லை என்றும் சொன்னார்.) எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆத்தா என் முழங்கையைக் கிள்ளியதால் உள்ளே போய்விட்டது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவும் ஆத்தாவும் கைநாட்டு. பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்? கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். தெருக்காரர்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

மாமாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் மகன் சுப்பையாவுக்கு என்னைக் கட்டிவைப்பது. சுப்பையா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாது. உழவு மாடு திரும்பிப் பார்த்தால் இரண்டு எட்டுத் தள்ளி நிற்கும் ஆள். ஆனால் எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது, மேசையும் கரும்பலகையும் எதிரே இருக்கிற நாற்காலி. அந்த வருஷம் கரும்பாலைக்காரர்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுப் போட்டேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒப்பந்தமாயிற்று. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். கிடைக்காவிட்டால் தை மாதம் மாலை. அப்போது மார்கழி.

அன்று காலை பஸ் வரவில்லை. வழியில் அச்சு முறிந்து நிற்கிறது என்று சைக்கிளில் வந்தவர் சொன்னார். ஆலைக்கு ஒன்பது மைல். எனக்கு அழுகை முட்டியது. அப்பாதான் சொன்னார்:

"அழுவாத தாயி. நம்ம கரும்பு போற ரயிலு இன்னும் கெளம்பல."

எங்கள் கண்மாய்ப் பாசனத்துக் கரும்பெல்லாம் ஆலைக்குப் போனது ஒரு குட்டி ரயிலில். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு ஆள் குறுக்கே படுக்க முடியாது, அவ்வளவு குறுகல். எஞ்சின் பெரிய ரயிலுக்குப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். சத்தம் மட்டும் அப்பனுடையது. பின்னால் வரிசையாகத் திறந்த பெட்டிகள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பு நட்டு, நடுவில் கரும்பை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். செம்புறாங்கல் பொட்டல் மேட்டில் அது ஏறும்போது கூடவே நடந்து போகிறவர்கள் முந்திவிடுவார்கள். ஆள் ஏற்றக்கூடாது என்று சட்டம். "நம்ம புள்ள இன்டர்வியூவுக்குப் போவுதுல்ல, ஏறட்டும்" என்று டிரைவர் அண்ணன் சட்டத்தை ஓரமாக வைத்தார்.

கடைசிப் பெட்டி எங்கள் கரும்பு. அதன் உச்சியில் சாக்கை விரித்து என்னை உட்கார வைத்தார்கள். அரிமளத்துக் கடையில் எடுத்த புதுச்சேலை, கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. மடியில் சர்டிபிகேட். கையில் அப்பாவின் குடை. வண்டி நகர்ந்தபோது அப்பா கூடவே நடந்து வந்து சொன்னார்:

"பாத்துப் போ தாயி. அப்பிடியே நம்ம கரும்பையும் பாத்துக்க."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்லுகிற மாதிரி. நான் அதை உத்தியோக உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

கரும்பு ரயில் போகிற ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி மெதுவாக ஏறும் இடத்தில் யார் நின்றாலும் ஒரு கரும்பை உருவிக்கொள்வார்கள். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. நானே சின்ன வயதில் உருவியிருக்கிறேன். ஆனால் நாங்கள் விளைவித்த கரும்பின் மேல் சர்டிபிகேட்டோடு உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆலையில் எடை போட்டுத்தானே எடுப்பார்கள்! ஒவ்வொரு கரும்பும் எங்கள் எடை!

கண்மாய்க் கரையில் முதல் கை நீண்டது. புல்லுக்கட்டு வைத்திருந்த ஒரு அக்கா.

"எடுக்காதீர்கள்! இது பிறருடைய பொருள்!" என்று கத்தினேன். (ஆமாம், அப்படியே புத்தகத் தமிழில்.)

அந்த அக்கா அண்ணாந்து பார்த்தது. "அடி ஆத்தீ! கரும்பு மேல கலெக்டரம்மா ஒக்காந்து வருது!"

"கரும்பைக் கீழே போடுங்கள்!"

"ஒங்க அப்பன் கரும்புங்கிறதுனாலதான் ஒண்ணோட விட்டேன். அடுத்தவன் கரும்புன்னா கட்டோட போயிருக்கும், போ!"

அங்கிருந்து ஆலை வரைக்கும் எனக்கு ஓய்வில்லை. இங்கிட்டு ஒரு கை, அங்கிட்டு ஒரு கை. குடையை ஓங்கிக் காட்டினேன். சட்டம் பேசினேன். எருமை மேய்த்த தாத்தா ஒருவருக்கு நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, இரண்டு கரும்பை உருவிக்கொண்டு, "நல்லாருப்ப தாயி" என்றார். ரோட்டைத் தாண்டும் இடத்தில் கேட்டை மூடி நின்ற ரயில்வே ஆளே ஒன்றை உருவினார். பச்சைக் கொடி ஒரு கையில், கரும்பு மறு கையில்.

இதற்குள் எஞ்சின் கக்கிய பொறி என் முந்தானையில் அங்கங்கே ஓட்டை போட்டிருந்தது. முகம் கரி. ஆனாலும் ஆலைச் சுவர் தெரிந்தபோது, பெட்டியில் பெரும்பங்கு கரும்பு இருந்தது. ஒரு கோட்டையைக் காப்பாற்றிய மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆலை வாசலுக்குள் வண்டி நின்றது. காதைப் பிளக்கும் இயந்திரச் சத்தம். அப்போது பார்க்கிறேன், கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் கூடையோடு வருகிறான். ஒவ்வொரு பெட்டியாக நின்று, சாவகாசமாக, நல்ல கரும்பாகப் பார்த்து, நடுவிலிருந்து உருவுகிறான். ஒன்றல்ல, நாலைந்து! கூடையே கொண்டுவந்திருக்கிறான்! எங்கள் பெட்டிக்கும் வந்தான்.

"ஏய்! வையி கீழே!"

தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவன் நினைக்கவில்லை. உருவினான். நான் கரும்பின் மேல் குப்புறப் படுத்து, குடையை ஓங்கி ஒன்று வைத்தேன். கண்ணாடி பறந்தது.

"ஐயோ! அம்மா! நான் லேபுங்க! சாம்பிளுங்க!"

"எந்தப் பேரைச் சொல்லி எடுத்தாலும் திருட்டுத் திருட்டுதான்!"

கரும்பின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை என் கையில். அவன் இழுத்தான். நான் இழுத்தேன். அவன் படித்தவன், விட்டுவிட்டான். நான் அப்படியே மல்லாக்க, பெட்டியின் மறுபக்கம், பிழிந்து கொட்டியிருந்த சக்கைக் குவியலில் போய் விழுந்தேன். அடி படவில்லை. மெத்தை மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சக்கையில் இன்னும் இனிப்பு ஈரம் இருந்தது. ஆகவே என் மேல் ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டியது.

ஒவ்வொரு பெட்டியிலும் நாலு கரும்பு எடுத்துப் பிழிந்து, சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஆலையில் பரிசோதிப்பார்கள். அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அந்தப் பையன். வழியெல்லாம் உரிமை இல்லாதவர்கள் எடுத்தார்கள். அவர்களிடம் மிரட்டலோடு நின்ற குடை, உரிமையோடு எடுத்த ஒரே ஒருவன் மேல்தான் இறங்கியது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான். குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே மேனேஜரும் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். என் தலையில் இருந்த சக்கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பெருந்தன்மை. ஹெட்மாஸ்டர் கேட்டார்:

"ரெண்டு பிள்ளைங்க ஒரே பொருளுக்காகச் சண்டை போடுறாங்க. நீங்க என்ன செய்வீங்க?"

எனக்குத் தெரிந்த கேள்வி! "முதலில் நான் கோபப்பட மாட்டேன். யார் சொல்வதையும் பொறுமையாகக் கேட்பேன். அந்தப் பொருள் யாருக்கு உரியது என்று விசாரித்து..."

கதவு திறந்தது. மூக்கில் பிளாஸ்திரியோடு, கையில் உடைந்த கண்ணாடியோடு, அந்தப் பையன்.

"சார், கரும்பு வண்டியில ஒரு பொம்பள..." என்றவன் என்னைப் பார்த்ததும் சுவரோரமாக நகர்ந்தான். "இவங்கதான் சார்."

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்குப் பள்ளிக்கூடத்த விட எங்க வாட்ச்மேன் வேலை பொருத்தமா இருக்கும்மா. ஆனா அதுக்கு இப்ப ஆள் எடுக்கல" என்றார்.

வெளியே வந்தபோது ஹெட்மாஸ்டர் மட்டும் வாசல் வரை வந்தார். "கொரல் நல்லாருக்கும்மா. மில்லு சத்தத்தத் தாண்டி என் ரூமுக்குக் கேட்டுது. ட்ரெயினிங் முடிச்சிருங்க."

பஸ்ஸில் ஏறி நாலு பேர் முன்னால் உட்காரும் முகம் எனக்கு இல்லை. தண்டவாளத்தோடு நடந்தே திரும்பினேன். காலையில் உச்சியிலிருந்து பார்த்த ஊர்களை இப்போது தரையிலிருந்து பார்த்தேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எருமைக்காரத் தாத்தா, "வேல கெடச்சிருச்சா தாயி?" என்று அக்கறையாகக் கேட்டார். கண்மாய்க் கரையில் அந்தப் புல்லுக்கட்டு அக்கா என் கோலத்தைப் பார்த்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தது. பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கரும்புத் துண்டை எடுத்து நீட்டியது.

"தின்னு. ஒங்க அப்பன் கரும்புதான்."

தின்றேன். காலையிலிருந்து பட்டினி. அதுபோல ஒரு இனிப்பை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. அங்கேயே கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் அன்றைக்குக் காத்தது கரும்பைத்தானா? கரும்பு என்றால் அப்பாவே ஒரு ஆளைப் போட்டிருப்பாரே! இந்த ஜனங்களில் நான் ஒருத்தி இல்லை என்பதைத்தான் ஒன்பது மைலும் கத்திக்கொண்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு எழுத்தைக் கொடுத்தது. அதோடு ஒரு உயரத்தையும் நானாக வைத்துக்கொண்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கீழே நீளுகிற கை தெரியும், முகம் தெரியாது. (இதற்காக உருவினது சரி என்று நான் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.)

எனக்கு முன்னால் கதை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பிய காலிப் பெட்டிகள் ஊர் ஊராக அதை இறக்கிக்கொண்டே வந்திருந்தன. எங்கள் ஊருக்கு வரும்போது லேப் பையன் மேனேஜராகியிருந்தார், குடை கரும்பு வெட்டும் அரிவாளாகியிருந்தது. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கரும்பப் பாத்துக்கன்னேன். நல்லாத்தான் பாத்துருக்க" என்றார்.

வேலை போயிற்று. இனி தை மாதம்தான் என்று நான் உள்ளுக்குள் தயாராகிவிட்டேன். மறுநாள் மாமா வந்தார். பின்னால் சுப்பையா, வாசற்படிக்கு வெளியேயே நின்றுகொண்டான்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க" என்றான் ஆத்தாவிடம். "ஆபீசரையே அடிச்ச புள்ள. நானெல்லாம் எம்மாத்திரம்?"

மாமா முறைத்தார், மிரட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். சாதுவான சுப்பையா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றான். வேலை கிடைத்தால் தள்ளிப்போகும் என்றிருந்த கல்யாணம், கிடைக்காததால் ஒரேயடியாக நின்றே போயிற்று. அடுத்து வந்த ஆனியில் புதுக்கோட்டையில் ட்ரெயினிங் சேர்ந்தேன். இப்போது அன்னவாசல் பக்கம் டீச்சர். நாற்காலியும் கரும்பலகையும் இருக்கின்றன. மேசைக்கு ஒரு கால் ஆட்டம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சட்டியிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்தால், "சாம்பிளுக்குத்தான் தாயி, அடிச்சிராத" என்று கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்வார்கள். மூன்று பிள்ளைக்குத் தகப்பனான சுப்பையாவும் சொல்கிறான், அதே வாசற்படியில் நின்றுகொண்டு.

இப்போது எனக்கு விராலிமலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. தாலி ஏறும் வரைக்கும் ஆலைக் கதையை ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் கூடிப் பேசி முடிவு எடுத்திருக்கிறார்கள். மாமாதான் தலைமை. மாப்பிள்ளையின் அக்கா அன்னவாசல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போனேன். அவர் ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெரிந்தே வருகிற மாப்பிள்ளை வரட்டும் என்று, மேனேஜர் சொன்னது உட்பட ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.