வண்டிக்குச் சளி பிடித்த வாரம்

ஆறாவது கொண்டை ஊசி வளைவில் லாரி தும்மியது. ஒரு தும்மலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "டப்... டபக்... டப்" என்று மூன்று முறை தும்மி, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கி, உர மூட்டைகளோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஆரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

டிரைவர் மனுவேல் இறங்கி வந்து பானெட்டைத் தடவிக் கொடுத்தார். அது அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. அதற்கும் அவருக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம். அது இருமினால் இவருக்கு நெஞ்சு வலிக்கும்.

ஒருவழியாக ஏற்காடு வந்து சேர்ந்தால், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பாக்கியநாதன் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மனுவேலு, முதலாளி முடிவு பண்ணிட்டாரு. வர்ற சனிக்கிழமை காப்பி மூட்டை இந்த வண்டியில சேலம் போய்ச் சேரோணும். நின்னு போச்சுன்னா வண்டி பழைய இரும்புக் கடைக்கு. புது வண்டி வரும். அதுக்குப் புது டிரைவரும் வருவான்."

"அப்ப நானுங்க?"

"கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

மனுவேல் மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை. அப்படியே வண்டியை உருட்டிக்கொண்டு ஒண்டிக்கடைப் பக்கம் ஹனீபா பாயின் பட்டறைக்குப் போனார்.

ஹனீபா பாய் மலை முழுக்கப் பேர்போன மெக்கானிக். கழற்றிப் பார்த்து நோய் கண்டுபிடிப்பது கத்துக்குட்டிகளின் வேலை என்பது அவர் கட்சி. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைப்பார். பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் செருமக்கூடக் கூடாது.

"காத்து," என்றார் கண்ணைத் திறந்து. "டீசல் குழாய்ல ஒரு நட்டு லூசு. காத்து பூந்திருக்கு."

நட்டை முடுக்கினார். மனுவேல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். ஒரு தும்மல் இல்லை.

ஆனால் பயந்த மனசு சும்மா இருக்குமா? சாயங்காலம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மனைவி அமலியிடம் புலம்பினார்.

"இப்போதைக்கு ஓடுது. சனிக்கிழமையன்னிக்குக் காலை வாரிவிட்டுச்சுன்னா என்ன பண்றது அமலி? அந்த வண்டியில்லாம நான் எப்படி இருப்பேன்?"

"சாப்பிடுங்க, நல்லாயிரும்," என்று அமலி இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை வண்டி தும்மவில்லை. அதற்குப் பதிலாக அடிவயிற்றில் "டக் டக்" என்று இடித்தது. போதாக்குறைக்கு வெள்ளைப் புகை.

பாய் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தார். "நாசில்," என்றார். டீசல் பீச்சும் அந்த மூக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

புதன்கிழமை "டக் டக்" போய் "டொங்கு டொங்கு" வந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். லாரியில் ஏறியே இராத ரைட்டர் பாக்கியநாதன், "பிஸ்டன்தான், சந்தேகமே இல்லை," என்று சத்தியம் செய்தார். பாய் வால்வைச் சரி செய்தார். சரி செய்த வண்டி, மேட்டைக் கண்டாலே நின்றது.

வியாழக்கிழமை பாய்க்கே தன் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் டீசல் பில்டரைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினார். மேலே டீசல். கீழே முக்கால் பாட்டில் பளிங்கு மாதிரி தண்ணீர்.

"ஏனுங்க பாய், காதுல வெச்சீங்களே, தண்ணி சத்தம் கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு. வெளிய மழை பெய்யுதுன்னு இருந்துட்டேன்."

டாங்கியைக் காலி செய்து புது டீசல் நிரப்பினார்கள். வண்டி ஜோராக ஓடியது. தண்ணீர் எப்படி வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

"பனிதான்," என்றார் பாய். "நம்மூருப் பனி நொம்பப் பொல்லாதது. மூடி வழியா இறங்கியிருக்கும்."

மனுவேல் டாங்கி மூடிக்கு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன் மேல் சாக்கைக் கட்டி, குழந்தைக்குக் குல்லாய் போட்ட மாதிரி பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் சாக்கு கட்டியபடி இருந்தது. பாட்டிலில் பிடித்தால் மறுபடியும் தண்ணீர்.

"அப்ப பனியில்ல. திருட்டு," என்றார் பாய். "எவனோ டீசலை எடுத்துட்டுத் தண்ணிய ஊத்துறான்."

மனுவேல் மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு அளந்தார். நேற்று போட்ட கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நனைந்திருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி அளந்தார். அதே அளவு.

"பாய், திருடன்னா எடுக்கோணுமுங்க. இவன் குடுத்துட்டுப் போறானே!"

பாய் குச்சியை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றும் கேட்கவில்லை.

"உன் வேலை மேல எவனுக்கோ கண்ணு," என்று முடிவுக்கு வந்தார். "பூட்டிரு."

டாங்கியை மறுபடி காலி செய்து, நல்ல டீசல் ஊற்றி, மூடிக்குக் கொண்டி அடித்து, உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்று போட்டார்கள். சாவியை வீட்டுக்குக் கொண்டு போய் அமலியிடம் கொடுத்தார் மனுவேல்.

"ஆரு கேட்டாலும் குடுத்துராத. பாயே வந்து கேட்டாலும் சரி."

"என் உசுரே போனாலும் குடுக்க மாட்டேனுங்க," என்று அவள் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

அதைக் கேட்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "இந்த வண்டி போச்சுன்னா நான் செத்தேன் அமலி," என்று ஐம்பது வயது மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அமலியும் கூடவே அழுதாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. காப்பி மூட்டை ஏற்றியாயிற்று. பாக்கியநாதன் வந்து நின்றார், பாயும் வந்தார். மனுவேல் சிலுவை போட்டுக்கொண்டு வண்டிச் சாவியைத் திருகினார்.

வண்டி தும்மவில்லை, இடிக்கவில்லை, இருமவில்லை. "ங்ஙீ..." என்று ஒரு முனகல் முனகிவிட்டு மூச்சை விட்டது.

பாய் கீழே படுத்து டாங்கியின் அடித்திருகைக் கழற்றினார். குழாயடியில் கொட்டுவது போலத் தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. டீசல் வாடைக்கே வழியில்லை.

"பூட்டு?" என்றார் பாக்கியநாதன்.

"பூட்டின படியே இருக்குதுங்க."

"சாவி?"

"ஊட்டுலதானுங்க. அவ கழுத்தை விட்டு இறங்கல!"

ஆள் அனுப்பி அமலியை வரவழைத்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"பயப்படாம சொல்லும்மா," என்றார் பாக்கியநாதன். "சாவியை ஆருக்குக் குடுத்த?"

"ஆருக்கும் குடுக்கலீங்க," என்றாள் அமலி. "வண்டி நல்லாகட்டும்னு செவ்வாக்கிழமையில இருந்து தினம் காலம்பற நான்தான் சொம்புல மாதா கோயில் தீர்த்தம் ஊத்திக்கிட்டு வர்றேன், நேத்து இவரு அழுததைப் பாத்து மனசு கேக்காம, இன்னிக்குக் குடம் குடமா ஊத்திட்டேனுங்க!"