வாசலைத் தொட்ட வண்டி

கட்டின புருஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வீட்டுக்கு வந்தால் ஒரு பெண்டாட்டிக்குத் தாங்கும், நீங்களே சொல்லுங்கள்? ராத்திரி வந்தால் அன்பு. மத்தியானமும் வந்தால் கூடுதல் அன்பு. மணிக்கொரு தரம் வந்து நின்றால் அதற்கு அரசாங்கம்தான் காரணமாக இருக்க முடியும்.

அப்படித்தான் இருந்தது. போனில் அழுத்தினால் வந்து நிற்கும் ஆப் கார்கள் தங்கள் வயிற்றில் அடிப்பதாக டாக்ஸிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். போக்குவரத்து அலுவலகம் "பொதுநலன் கருதியும், தொழில் சமநிலை பேணும் பொருட்டும்" ஒரு விதி போட்டது. ஆப் கார் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஓட்டுநரின் வீட்டுக்குத் திரும்பி, வாசலைத் தொட்ட பிறகே அடுத்த சவாரிக்குக் கிளம்ப வேண்டும். மீறினால் பெர்மிட் ரத்து.

புகாரில் முதல் கையெழுத்து அந்தப் பெண்டாட்டியின் அண்ணன் போட்டது. அவர் டாக்ஸி ஓட்டுகிறவர். ஆப் கார் ஓட்டுகிறவர் அவள் புருஷன். நடுவில் அவள், இடுப்பில் பல் முளைக்கிற குழந்தை.

முதல் இரண்டு நாள் அவளுக்குக் கொண்டாட்டம். "வந்ததுதான் வந்தீங்க, இந்த வெங்காயத்தை உரிச்சுட்டுப் போங்க" என்பாள். அப்புறம்தான் உறைத்தது. ஊருக்கு அந்தக் கோடியில் ஆளை இறக்கிவிட்டு, இந்தக் கோடி வரை காலி வண்டி. சவாரி பாதியாகக் குறைந்தது.

"மச்சான், உங்க வயித்தெரிச்சல் என் பெட்ரோல் டேங்க்ல எரியுது" என்றார் புருஷன்.

"மாப்பிள்ளை, உங்க வண்டியைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லித்தான் எழுதினேன். வீட்டுக்கு அனுப்பச் சொல்லலையே."

விதி சும்மா இருக்குமா? குட்டி போட்டது. வாசலைத் தொட்டதற்குச் சாட்சியாக, குடும்பத்தில் ஒருவர் காரோடு நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவள் குளிக்கப் போனால் கார் நின்றது. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன அன்று, பூட்டின வீட்டை மட்டும் படம் எடுத்து அனுப்பினார் புருஷன். நோட்டீஸ் வந்தது: இன்னொரு தடவை நடந்தால் பெர்மிட் கிடையாது.

பெர்மிட் போனால் சோறு போச்சு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக்குவரத்து ஆய்வாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், வீடுன்னா என்ன?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வீடு எனப்படுவது குடும்பத்தினர் உண்டு, உறங்கி, வசிக்கும் இடம்."

"சுவர் வேணுமா?"

மறுபடியும் புரட்டினார். "சுவரைப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா."

மறுநாள் காலையில் தலையணை, சாப்பாட்டுத் தூக்கு, குழந்தையின் துணிமூட்டை எல்லாம் காரில் ஏறின. ஜன்னலுக்குத் திரை வந்தது. முன் சீட்டில் அவளும் குழந்தையும். இனி வண்டி எங்கே நின்றாலும் வீட்டு வாசலில்தான் நின்றது. "குழந்தையைக் கொஞ்சம் பிடிங்க" என்றால் பின் சீட்டில் இருப்பவர்களும் பிடித்தார்கள்.

நாலாம் நாள் ஆய்வாளர் ஸ்டாண்டிலிருந்து டாக்ஸி பிடித்து, சாலையோரம் நின்ற இந்தக் காரைச் சோதிக்க வந்தார். ஓட்டி வந்தது அவள் அண்ணன்.

"இது கார்" என்றார் ஆய்வாளர்.

"வீடு சார். செருப்பை வெளியே விட்டுட்டு உள்ளே வாங்க" என்றாள் அவள்.

விட்டுவிட்டு வந்தார். "வீடு நகரலாமா?"

"நகரக்கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

தேடினார், இல்லை. "சவாரி ஏத்துறீங்களே?"

"வீடுன்னா நாலு பேர் வரத்தானே செய்வாங்க."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, 'விதிக்கு உட்பட்ட வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெர்மிட் பிழைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு டாக்ஸிக்குப் போனார். அண்ணன் கதவைத் திறக்கவில்லை.

"மன்னிக்கணும் சார். டாக்ஸி ஸ்டாண்டுல மட்டும்தான் ஆள் ஏத்தணும்னு உங்க ஆபீஸ் உத்தரவு. ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வாங்க, அங்கே ஏத்திக்கிறேன்."

ஸ்டாண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆய்வாளர் திரும்பி வந்து, செருப்பை மறுபடி கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். குழந்தை அவர் மடிக்கு மாறியது, அவர் பேனாவைக் கடித்தது. அவருக்கு முகம் மலர்ந்தது.

"நல்ல ஏற்பாடும்மா. ஆனா ஆப் கார்ல மட்டும் குடும்பம் இருக்கு, டாக்ஸி வெறுமனே ஓடுது. தொழில் சமநிலை கெடுதே. எல்லா டாக்ஸியிலயும் சம்சாரம் கூடவே இருக்கணும்னு நாளைக்கே எழுதிடறேன்."

அண்ணன் ஓடி வந்து தங்கை பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உனக்குப் புண்ணியமாப் போகும். உத்தரவு வர்ற வரைக்குமாவது உன் அண்ணி காதுல இதைப் போட்டுடாதே."