சுப்பம்மாவின் இழுப்புக்கு முழுப் புள்ளி

உடம்பு எப்படி இருக்கிறது என்று உடம்பைக் கேட்கக் கூடாது, பத்திரத்தைத்தான் கேட்க வேண்டும் என்று கண்டியிலே மேலிடத்தார் தீர்மானித்தது முப்பத்தோராம் வருசம். பன்விலப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் அந்தப் பத்திரம் வந்தது. பேர், 'இழுப்பு நோயின் அடக்கத்தையும் அதனால் விளையும் வாழ்க்கைச் சுகத்தையும் மதிப்பிடும் பத்திரம்.' இதை ஒரே மூச்சில் வாசிக்கிறவனுக்கு இழுப்பே இல்லையென்று அங்கேயே எழுதிவிடலாம்.

சுப்பம்மாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரிலே, தூள் சலிக்கும் சல்லடைக் காம்பராவில் வேலை. பதினோரு வருசத் தூசி. நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்தும். மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தாலாவது மூச்சு வரும், மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினாள். பத்திரத்தில் கேள்வி ஐந்து, சுகமிருந்தால் கேள்விக்கு ஐந்து புள்ளி. இருபத்தைந்துக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் மாற்றித் தருவதாகத் தோட்டத்துத் துரை வாக்குக் கொடுத்தார்.

மருந்து கலக்கும் ராஜலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாடிப்படி ஏறேக்கை இளைக்குதோ?"

"லயத்து வீட்டுல மாடி ஏதுங்கய்யா?"

"அப்ப இளைக்கேல்லை. அஞ்சு. குதிரையிலை போகேக்கை?"

"கழுதகூட இல்லீங்களே."

"அதுக்கும் அஞ்சு. நித்திரை வருதோ?"

"படுத்தா அடைக்குதுங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன்."

"தூங்குறாய்தானே! எப்பிடியெண்டு பத்திரம் கேக்கேல்லை. அஞ்சு. இந்த நெஞ்சு வருத்தத்தாலை வேலைக்கு வராமல் நிண்டனியோ?"

"நின்னா பேரு போடமாட்டாங்களே, கூலி கெடையாதே. புள்ளைங்களுக்குக் கஞ்சி?"

"ஓம், நிக்கேல்லை. அஞ்சு."

இருபது. கடைசிக் கேள்வி, 'பொதுவில் எப்படி இருக்கிறீர்?' சுப்பம்மா வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார்.

"என்னா சுப்பம்மா, சொகமா?"

அவள் தலைச்சேலையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். துரை கேட்டால் சொல்வதற்கு எங்கள் வாயில் ஒரே பதில்தான் உண்டு.

"தொரை புண்ணியத்துல நல்லா இருக்கேங்க."

"அஞ்சு," என்றார் ராஜலிங்கம் ஐயா.

துரைக்கும் லேசான இருமல். அவருக்கும் பத்திரம் நிரப்பினார்கள். குதிரையும் மாடியும் உள்ளவரல்லவா, நாலு புள்ளிதான் தேறியது. பாவம், கடல் காற்று வாங்கச் சீமைக்குக் கப்பலேறினார். சுப்பம்மாவுக்கு முத்திரை குத்திய நற்சாட்சிப் பத்திரம் கிடைத்தது. இவ்வளவு நல்ல நெஞ்சை வீணாக்கலாமா என்று, யாரும் நிற்கமுடியாத உள் சல்லடைக்கு அவளை மாற்றினார்கள்.

அடுத்த மாதம் கண்டியிலிருந்து பெரிய டாக்டர் நேரிலே பார்க்க வருகிறார் என்று சேதி. எங்கள் லயத்துக் காளிமுத்து துள்ளினான்.

"இந்த வாட்டி ஒருத்தனும் நல்லா இருக்கோம்னு சொல்லப்படாது. உள்ளதச் சொல்லுவோம். சுப்பம்மாவ வெளிய எடுப்போம். சத்தியம் பண்ணுங்கடா!"

எல்லாரும் பண்ணினோம்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு வரிசையாக நின்றோம். டாக்டர் காரைவிட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். "எல்லாரும் சுகமா?"

காளிமுத்துவின் தலைப்பாகை தானாக இடுப்புக்கு வந்தது.

"நல்லா இருக்கோமுங்க!"

எல்லார் சத்தத்திலும் மலையே அதிர்ந்தது. இருமல் அதற்குப் பிறகுதான் வந்தது. கேள்விக்குப் பிந்திய இருமல் பதிவுக்கு உரியதல்ல.

சத்தியத்தைக் காப்பாற்றியவள் சுப்பம்மா ஒருத்திதான். முன்னே வந்து வாயைத் திறந்தாள். மூச்சு விசில் அடித்தது, வார்த்தை வரவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக அரை நிமிசம் பொறுத்தார். பிறகு எழுதினார்: 'இப்பெண்ணுக்கு முறைப்பாடு யாதுமில்லை.'

சுப்பம்மா சல்லடைக்குத் திரும்பிப் போனாள்.

அன்றைக்குப் பெரட்டிலே எல்லாரையும்விட ஓங்கிக் கேட்ட சத்தம் யாருடையது என்கிறீர்களா? என்னுடையதுதான். எனக்குத்தான் நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாதே.