நில்லுங்க காக்காவும் ஹாஜியாரின் புல்லு மெசினும்

கல்முனையிலிருந்து இறக்காமம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், உயிரோடு இருப்பதை இவ்வளவு கவனமாகச் செய்த இன்னொரு மனிதரைக் காட்ட முடியாது. வாப்பா அவருக்கு வைத்த பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. எதற்கும் முதலில் "நில்லுங்க" என்பார். மூத்தவரை நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்போம். ஆகவே நில்லுங்க காக்கா.

பெட்ரோல் தீர்ந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு, மணமேடையில் தானே ஏறி நாலு குதி குதித்துப் பார்த்தார். மேடை தாங்கியது. சம்பந்திமார்தான் கொஞ்சம் ஆடிப்போனார்கள்.

இந்த மனிதர் கட்டார் நாட்டில் பல வருடம், ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் மெசினில் வேலை பார்த்தவர். அவர் ஊருக்குத் திரும்பிய நேரம், எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவரான அரிசி மில் ஹாஜியார் அதே வகை மெசின் ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கிக் கழகத்துக்குக் கொடுத்தார். நான் கழகச் செயலாளர். ஆள் தேடும் சிரமத்தை எனக்கு வைக்காமல் காக்காவே வந்து சாவியைக் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் உழவு மெசின் என்கிற டிராக்டரின் மட்கார்டில் குந்தாமல் வளர்ந்தவர் யாருமில்லை. வயலுக்கும் அதில்தான், கல்யாணத்துக்கும் அதில்தான். புல்லு மெசினை ஹாஜியார் உழவு மெசினின் குட்டி என்றே எண்ணியிருந்தார். வெள்ளோட்டத்தன்று வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வந்து, காக்காவின் பக்கத்தில் குந்தக் காலைத் தூக்கினார்.

"நில்லுங்க ஹாஜியார். இதுல ஒரு ஆளுக்குத்தான் இடம்."

"நான் மட்கார்டுல குந்துறன் காக்கா. சின்ன வயசில இருந்து குந்துற எனக்கு நீங்க படிப்பிச்சித் தாறீங்களா?"

"இது மட்கார்டு இல்ல. இதுக்குக் கீழதான் பிளேட்டு சுத்துது."

"சும்மா ஒரு வட்டம்தானே."

"வழுக்கி விழுந்தா, மறுகா வட்டமடிக்கக் கால் இரிக்காது."

சொன்னதோடு நில்லாமல் மெசினிலிருந்து சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டிவிட்டார். ஹாஜியார் விலகி நின்ற பிறகுதான் சாவி வெளியே வந்தது. தன் காசில் வாங்கிய மெசினுக்குப் பின்னால், பாதுகாப்பான தூரத்தில், ஹாஜியார் நடந்தே வெள்ளோட்டம் பார்த்தார்.

அதன் பிறகு மைதானம் காக்காவின் ராச்சியம். முதலில் சுற்றிவரக் கயிறு கட்டுவார். இஞ்சின் ஓடும்போது கயிற்றுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. பிறகு மைதானம் முழுக்க நடந்து கல், சிரட்டை, சோடா மூடி, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் பொறுக்குவார். பிளேட்டில் பட்ட கல் துவக்குக் குண்டு மாதிரிப் பறக்குமாம். ஆடு ஒன்று உள்ளே வந்தால் மெசினை நிறுத்தி, இறங்கி, ஆட்டை வீடு வரை கொண்டுபோய் விட்டு, ஆட்டுக்காரருக்கு அறிவுரையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். ஒரு பக்கம் வெட்டி முடிவதற்குள் மறுபக்கம் வளர்ந்துவிடும். புல்லுக்கே அவர்மேல் பயம் விட்டுப்போயிருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தொழுகை மைதானத்தில். புல் முழங்காலுக்கு நின்றது. வெட்டாவிட்டால் தொழுகையைப் பள்ளிக்குள் மாற்ற வேண்டும். அங்கே பெண்களுக்கு இடம் போதாது. ஹாஜியாருக்கு வீட்டிலிருந்தே நெருக்கடி. பெருநாளுக்கு முதல் நாள் விடியும்போது மழை வேறு பெய்து தொலைத்தது.

"ஈரப் புல்லு வெட்டேலா. காயட்டும்," என்று காக்கா கயிற்றுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹாஜியார் பெருநாளுக்கு முந்திய நாள் பிடிக்கும் அறபா நோன்பு வேறு பிடித்திருந்தார். கோபம் நாக்கு நுனியில் நின்றது. "இனி உங்கட வேல வேணா. தாங்க சாவிய, நானே வெட்டுறன்."

காக்கா சாவியைக் கொடுத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

ஹாஜியாருக்கு உழவு மெசின் பழக்கம். அரை எழும்பலில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். சீற்றிலிருந்து எழும்பும்போதெல்லாம் மெசின் நின்றது. பழுதென்று நினைத்தவர், தன் ஜீப்பிலிருந்து ஒரு சின்ன அரிசி மூட்டையை எடுத்துச் சீற்றில் முதுகுக்குப் பின்னால் வைத்தார். மூட்டையையும் ஆளென்று நம்பிய மெசின் அதன் பிறகு நிற்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் ஈரப் புல் அடைத்துக்கொண்டது. மூட்டை சீற்றில் இருக்க, இஞ்சினும் பிளேட்டும் ஓட, ஹாஜியார் இறங்கிக் குனிந்து புல் வெளியேறும் வாய்க்குள் கையை நீட்டினார்.

"நில்லுங்க" என்று காக்கா கத்தியது இஞ்சின் சத்தத்தில் கரைந்தது. அடுத்த கணம் அவர் கயிற்றைத் தாண்டியிருந்தார். காக்கா ஓடி நான் பார்த்தது அன்றுதான். செருப்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். போன வேகத்தில் மூட்டையைச் சீற்றிலிருந்து தள்ளினார். இஞ்சின் அடங்கியது. ஹாஜியாரின் கை பிளேட்டுக்குச் சாண் தூரத்தில் நின்றது.

ஹாஜியார் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "எழும்பினா நிக்கிறது பழுதெண்டு நினைச்சன் காக்கா."

"அதுதான் ஹாஜியார் அதுட நல்ல குணம்," என்ற காக்கா, மூச்சு வாங்க என் பக்கம் திரும்பினார். "தம்பி, இஞ்சின் ஓடக்குள்ள நான் உள்ளுக்கு வந்துட்டன். நீங்க செயலாளர். என்னை ஏசோணும்."

ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் போய் அவருடைய செருப்பையும் தொப்பியையும்தான் பொறுக்கிவந்து கொடுத்தேன்.

ஹாஜியார் எழும்பிச் சாவியை நீட்டினார். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு புல் காய்ந்தது. ஹாஜியார் வெட்டியது போக மீதியை நோன்பு துறக்கும் நேரத்துக்குள் காக்கா வெட்டி முடித்துவிட்டார். மறுநாள் வந்த கூட்டத்துக்கு, அவ்வளவு பெரிய மைதானத்திலும் பெண்கள் பக்கம் பாய் விரிக்க இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தொழுகை முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் ஸலாம் கொடுத்தோம். ஹாஜியார் நீட்டிய இரண்டு கைகளையும் பிடித்த காக்கா, உடனே விடவில்லை. மெல்லத் திருப்பி, விரல் விரலாகப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அடுத்து நின்றவன் நான். என் கைகளையும் அப்படியே திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்து முடியும்வரை கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.