கூடத்தில் தெரிந்த அடுப்பு

படம் வரையத் தெரிந்தவன் கையில் வீட்டை ஒப்படைக்கக் கூடாது. இதை நான் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். கெடுத்தவன் நான்தானே!

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். வயது இருபத்தைந்து. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பெரிய மனிதன் (நானே சொல்லிக்கொண்டது). அம்மாவும் தங்கை ராஜேஸ்வரியும் என் பொறுப்பு. ராஜேஸ்வரிக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை. மூன்றாவதாக விக்கிரவாண்டியிலிருந்து ஒரு வரன் வருவதாகச் சொன்னபோது அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே யாரையும் வரச் சொல்லாத. அலங்காரம் பண்ணிக்கினு நிக்க என்னால ஆவாது."

 பொறுப்புள்ள அண்ணன் என்றால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்திருப்பான். நான் சமையலறையை இடிக்கக் கிளம்பினேன்.

காரணம் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்). கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாள் ஏதோ வெள்ளைக்காரப் பத்திரிகையின் பக்கம். அதில் ஒரு கூடம். சுவரின் நடுவே வளைவு வைத்த அடுப்பு, உள்ளே தீ ஜொலிக்கிறது, மேலே பலகையில் பூச்சாடி. அது குளிர் காய்வதற்கான அடுப்பு என்பது எனக்கு உறைக்கவில்லை. திண்டிவனத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு உறைக்காதது நியாயம்தான். எங்கள் வீட்டில் எடுப்பாக ஒன்றும் இல்லாததால்தான் இரண்டு வரனும் நழுவின என்று முடிவுகட்டினேன்.

ஏழுமலைக் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடித்து வளைவு கட்ட வேண்டும். தரையில் கிடந்த மண் அடுப்பைத் தூக்கிவிட்டு இடுப்பளவு மேடை, அதன்மேல் சிவப்பு சிமெண்ட் மெழுகல். ஓட்டுக் கூரையைத் தாண்டி ஒரு புகைபோக்கி, படத்தில் இருந்ததே! வாசற்படி ஏறியதும் தீ கண்ணில் பட வேண்டும்.

"இன்னா சார், அடுப்ப போயி கூடத்துல காட்டறீங்க?" என்றார் ஏழுமலை.

அம்மா நேராகவே சொன்னாள். "இன்னா ஆக்கறோம், எவ்ளோ ஆக்கறோம்னு வர்றவங்க போறவங்கல்லாம் பாக்கணுமாடா? கண்ணு படும்."

"கண்ணாவது, திருஷ்டியாவது! விஞ்ஞான யுகம்மா இது" என்றேன். (அந்த வாரம் பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நான் நடுவர்.)

வேலை முடிந்தது. அடுப்பு மூட்டிய நாலாம் நாள் அம்மா, "பொகை மேல போயிடுதுடா. இருமலே வர்ல" என்றாள்.

"அதை விடும்மா. அந்தச் செவப்பு எப்படி இருக்குது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்குது."

எனக்கு வருத்தம். வளைவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்ற நிலையை மறக்க முடியாது. மறுநாள் என் கண்ணில் கட்டி கிளம்பியது. அதற்கடுத்த நாள் புது மேடையில் வைத்த பால் திரிந்தது. விஞ்ஞான யுகம் அன்றோடு முடிந்தது. யாருக்கும் தெரியாமல் குயவரிடம் ஒரு பானை வாங்கிவந்தேன். கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, பிதுங்கிய கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு எல்லாம் வரைந்தேன். டிராயிங் மாஸ்டர் இல்லையா, மூக்குக்கு நிழல்கூடக் கொடுத்தேன். திருஷ்டிப் பானையைக் கட்டடத்தின் உச்சியில் கவிழ்ப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கு உச்சி எது? புகைபோக்கிதான்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சமையல் முடிந்து அடுப்பு அணைந்த பிறகு ஏணி போட்டு ஏறினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பானை கச்சிதமாக உட்கார்ந்தது. எவ்வளவு மகிழ்ந்தேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு வண்டி தெருமுனையில் திரும்பியது. நான் சைகை காட்டினேன். அவர்கள் படியேறும் நேரத்தில் தீ கொழுந்துவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு. அம்மா பஜ்ஜிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பாயில் உட்கார்ந்தார்கள். தபால் ஆபீஸ் வேலையில் இருந்த மாப்பிள்ளை வளைவைப் பார்த்து, "புதுசா இருக்குதுங்களே" என்றார். நான் விளக்க வாயெடுத்தேன். வளைவிலிருந்து புகை பொங்கி வந்தது.

"டேய், பொகை மேல போவல!" என்று அம்மா கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் வெறகு வைம்மா, போயிடும்" என்றேன். அதோடு நிற்காமல் முறத்தை எடுத்து விசிறவும் செய்தேன். கூடம் இருண்டது. மாப்பிள்ளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருமினார். அந்த நேரம் பார்த்து ராஜேஸ்வரி கேசரித் தட்டோடு வந்து நின்றாள். வாசலில் யாரோ "தீ! தீ!" என்று அலற, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குடம் தண்ணீரை என்மேலேயே ஊற்றினார்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். எரிகிற விறகை உருவிக் கொல்லையில் போட்டு, எங்கள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். மேலே என் ஓவியம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கழுத்தோரமெல்லாம் புகை கசிய உட்கார்ந்திருந்தது.

"யாருங்க அங்க பானைய கவுத்தது?"

 எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஒரு வாரம் தகவல் இல்லை. ராஜேஸ்வரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் சோறு போடும்போது நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். அலங்காரம் பண்ணிக்கொண்டு நிற்க ஆகாது என்று சொன்னவளைப் புகையில் நிற்கவைத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் அழுதேன். பானையை இறக்கினேன். ஏழுமலையைக் கூப்பிட்டுச் சுவரை மறுபடி எழுப்பச் சொன்னேன். புகைபோக்கியை மட்டும் தொடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

எட்டாம் நாள் கார்டு வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம். "அத்தினி பொகையிலயும் தட்ட ஆட்டாம புடிச்சிக்கினு நின்னாளே, அந்தப் பொண்ணுதான் நம்ம வீட்டுக்கு" என்று மாப்பிள்ளையின் அம்மா தீர்மானித்துவிட்டாராம்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து என் மைத்துனர் எந்த விசேஷத்திலும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. "மச்சான் புண்ணியத்துல பொண்ண பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கினுதான் கட்டிக்கினேன்!" பந்தலே சிரிக்கும்.

அவர்கள் பெரிய பையனுக்குக் காது குத்தும்போதும் சொன்னார். யாரோ ராஜேஸ்வரியிடம், "நீயும் அவர பாக்கலியா?" என்று கேட்டார்கள்.

"நான் நல்லாப் பாத்தேனே" என்றாள், வெற்றிலைத் தட்டை நீட்டியபடி. "சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல. எனக்கும் அம்மாவுக்கும் பொகை இன்னா புதுசா? ஏழு வயசுலேர்ந்து அந்த அடுப்பண்டதான உக்காந்துக்கினு இருந்தேன்."

பந்தல் மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. பதினைந்து வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

பட்டனை வைத்து மைத்துனரை இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அதற்கு அடுத்து அவள் சொன்னதை யாரும் திருப்பிச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முதலில் காதில் விழுகிறது.